விளிம்பிலிருந்து பார்த்த வட்டம்

[திரை: இருட்டு. நடுவே ஒரு பெரிய ஒளிப்புள்ளி. அதே கோட்டில் மூன்று சிறு புள்ளிகள்.]

1610 ஜனவரி 7. இத்தாலியின் பதுவா நகரில் கலிலியோ தன் தொலைநோக்கியை வியாழன் பக்கம் திருப்புகிறார். அருகே மூன்று நட்சத்திரங்கள்: இரண்டு கிழக்கே, ஒன்று மேற்கே. மறுநாள் பார்த்தால் மூன்றும் மேற்கே நிற்கின்றன! 13-ஆம் தேதி நான்காவது ஒன்றும் தென்பட்டது. எத்தனை இரவு பார்த்தாலும் அவை ஏறக்குறைய ஒரே கோட்டில்தான் இருந்தன. வியாழனைத் தாண்டிப் போகின்றன, ஓரிடத்தில் தயங்குகின்றன, திரும்பி வருகின்றன.

அவர் கண்டது ஊசலாட்டம்தான். வட்டத்தை அவர் கண்ணால் காணவில்லை, புரிந்துகொண்டார்: அவை வியாழனைச் சுற்றிவரும் நிலாக்கள்.

[திரை: ஸ்டாண்ட் போட்ட சைக்கிள். கேமரா பக்கவாட்டிலிருந்து மெல்லப் பின்பக்கம் நகர்கிறது.]

யாரையாவது பெடலைச் சீராகச் சுற்றச் சொல்லுங்கள். பக்கத்தில் நின்றால் பெடல் வட்டமடிப்பது தெரியும். சைக்கிளுக்குப் பின்னால் பத்தடி தள்ளி நின்று பாருங்கள்: மேலே, கீழே, மேலே, கீழே. வட்டம் எங்கே போயிற்று? சீரான வட்ட இயக்கத்தை விளிம்பிலிருந்து பார்க்கும்போது தெரிகிற இந்த அசைவுதான் தனிச்சீரிசை இயக்கம். நம்மில் பலருக்கு அந்தப் பெயர் ஒரு சுருள்வில்லோடும் சமன்பாட்டோடும் வந்து சேர்ந்ததால், பரீட்சை முடிந்ததும் மறந்துபோயிற்று.

சரி, ஓரத்தில் ஏன் அந்தத் தயக்கம்? நிலா உண்மையில் வேகம் குறைவதே இல்லை. வியாழனின் நிலாக்களில் ஒன்றான அயோ எப்போதும் நொடிக்குச் சுமார் 17 கிலோமீட்டர் ஓடுகிறது. ஆனால் ஓரத்துக்கு வரும்போது அந்த ஓட்டம் முழுவதும் நம்மை நோக்கியோ நம்மைவிட்டு விலகியோ இருக்கிறது. நேராக எதிரே வரும் ரயில் நின்றிருப்பதுபோல் தெரியுமே, அதே கதை. இதனால் ஒரு வேடிக்கை: ஊசலாடும் பொருள் தன் வீச்சின் (நடுவிலிருந்து ஓரம் வரையிலான தூரத்தின்) உள்பாதியில் கழிப்பது மூன்றில் ஒரு பங்கு நேரம்தான். மீதி நேரமெல்லாம் வெளிப்பாதியில்.

[திரை: வட்டம், மையத்தை நோக்கி ஓர் அம்பு, கீழே கோட்டில் அதன் நிழல்.]

இனி கொஞ்சம் கணக்கு. வட்டத்தில் ஓடும் பொருளுக்கு மையத்தை நோக்கி ஒரு முடுக்கம், அதாவது வேகமோ திசையோ மாறும் வீதம், உண்டு. அதன் அளவு, கோணத் திசைவேகத்தின் (நொடிக்கு எவ்வளவு கோணம் சுற்றுகிறது என்பதன்) வர்க்கத்தை ஆரத்தால் பெருக்கினால் கிடைக்கும். அந்த அம்பின் நிழல் நம் கோட்டில் எவ்வளவு நீளம் விழுகிறது என்று பாருங்கள். பொருளின் நிழல் நடுவில் இருந்தால் பூஜ்யம். ஓரத்தில் இருந்தால் முழு நீளம். இடையில், நடுவிலிருந்து விலகிய தூரத்துக்கு ஏற்ற பங்கு. விலக விலக இழுப்பு கூடுகிறது, அதுவும் நடுவை நோக்கி. சுருள்வில் செய்வதும் இதேதான்.

எனக்கு இதில் மிகவும் பிடித்தது இதுதான்: ஈர்ப்புவிசை, தூரம் கூடினால் குறையும் விசை. வில்லுக்கு நேர் எதிர் குணம். ஆனாலும் வட்டத்தில் தூரம் மாறாததால், அந்த நிலாவின் நிழல் வில்லில் கட்டிய குண்டுபோல ஆடுகிறது.

[திரை: அயோவின் ஊசலாட்டம், பக்கத்தில் எண்கள்.]

அயோவின் அலைவுக் காலம், அதாவது ஒரு முழு ஆட்டத்துக்கு ஆகும் நேரம், சுமார் 42 மணி 28 நிமிடம். வீச்சு, அதாவது வட்டத்தின் ஆரம், சுமார் 4,22,000 கிலோமீட்டர். இந்த இரண்டையும் மேலே சொன்ன கணக்கில் போட்டால் முடுக்கம் நொடி வர்க்கத்துக்கு 0.71 மீட்டர். இதே தூரத்தில் பூமியின் ஈர்ப்பு தரும் முடுக்கம் 0.0022 மீட்டர்தான். ஒன்றை மற்றொன்றால் வகுத்துப் பாருங்கள். தசமங்களை விடாமல் போட்டால் சுமார் 318 வரும். ஒரே தூரத்தில் ஈர்ப்பு நிறைக்கு ஏற்ப இருப்பதால், வியாழன் பூமியைப்போல் 318 மடங்கு நிறை கொண்டது! தராசு வேண்டாம், அங்கே போகவும் வேண்டாம்; ஒரு புள்ளி இப்படியும் அப்படியும் ஆடுவதைக் கவனித்தால் போதும்.

நீங்களே பார்க்க விரும்பினால் ஒரு பைனாகுலரும், கையை ஊன்றிக்கொள்ள ஒரு சுவரும் போதும். அயோ அவசரக்காரன், வியாழனின் ஒளியில் ஒளிந்தும்கொள்வான். வியாழனின் இன்னொரு நிலாவான கலிஸ்டோவில் தொடங்குங்கள்; ஒரு சுற்றுக்கு அதற்கு 16.7 நாள். நடுவைக் கடக்கும் சமயத்தில் ஒரே நாளில் வீச்சின் 37 சதவீதம் நகர்ந்திருக்கும். ஓரத்தைத் தொட்ட பிறகு பாருங்கள், ஒரு நாள் முழுதும் போயும் 7 சதவீதம்தான் திரும்பியிருக்கும்.