ஒரே ஒரு டவல் காப்பாத்தின படம்! 'க்ரீட் 2' நல்ல சீக்வலா? முழு அலசல்

[காட்சி: ரிங் கயிற்றில் தொங்கும் வெள்ளை டவல். இசை வேண்டாம்.]

1985-ல ஒருத்தர் கையில ஒரு டவல் இருந்துச்சு. அதை ரிங்குக்குள்ள எறிஞ்சா, சண்டையை நிறுத்துங்கன்னு அர்த்தம். அவர் எறியல. அவரோட நண்பர் ரிங்லயே செத்துப்போனார். 2018-ல இன்னொருத்தர் கையில ஒரு டவல். அவர் எறிஞ்சுட்டார். ரெண்டுக்கும் நடுவுல 33 வருஷம்! 'க்ரீட் 2' நிஜமாவே நல்ல படமா, இல்ல பழைய பேரை வச்சுக் காசு பாத்த படமான்னு ரசிகர்கள் இன்னிக்கு வரைக்கும் விடாம வாதாடிட்டு இருக்காங்க. அந்த வாதத்துக்கான பதில் இந்த டவல்ல இருக்கு. எப்படின்னு பாக்கலாம் வாங்க.

முன்னாடியே சொல்லிடறேன், முழுக் கதையும் உடையும். படம் பாக்காதவங்க பாத்துட்டு வந்துடுங்க. வீடியோ எங்கயும் போயிடாது.

[காட்சி: 'ராக்கி', 'ராக்கி 4', 'க்ரீட்', 'க்ரீட் 2' போஸ்டர்கள், வேகமாக]

பின்னணி ஒரே மூச்சுல. 'ராக்கி 4'-ல சோவியத் வீரர் இவான் டிராகோ அடிச்சு, பாக்சர் ராக்கியோட நண்பர் அப்போலோ க்ரீட் சாகறார். ராக்கி மாஸ்கோ போய் டிராகோவை வீழ்த்தறார். 2015-ல வந்த 'க்ரீட்'-ல அப்போலோவோட மகன் அடோனிஸுக்கு ராக்கி பயிற்சி தர்றார். 'க்ரீட் 2'-ல டிராகோவோட மகன் விக்டர் வந்து அந்த அடோனிஸைச் சண்டைக்குக் கூப்பிடறான். அவ்வளவுதான் கதை.

[காட்சி: திரை இரண்டாகப் பிரிகிறது]

இப்ப, படம் பிடிக்காதவங்க என்ன சொல்றாங்க? மூணு புகார். மூணுலயும் விஷயம் இருக்கு.

முதல் புகார், முதல் 'க்ரீட்'-ஐ இயக்கின ரயன் கூக்ளர் இல்லை. 'பிளாக் பேந்தர்' வேலை இருந்ததால அவர் தயாரிப்புப் பக்கம் மட்டும் நின்னுட்டார். ஸ்டீவன் கேப்பிள் ஜூனியர் இயக்கினார். முதல் படத்துல லியோ ஸ்போரினோவோட நடக்கற சண்டை ஞாபகம் இருக்கா? ரெண்டு ரவுண்ட், நடுவுல கார்னர்ல உக்கார்ற இடைவேளை, எல்லாம் ஒரே ஷாட். கேமரா ரெண்டு பேருக்கும் நடுவுலயே சுத்தும். அதுக்கு நிகரா ஒரு காட்சி ரெண்டாவது படத்துல கிடையாது. வழக்கமான வெட்டு, வழக்கமான ஸ்லோ மோஷன். இந்தப் புகாரை அப்படியே ஏத்துக்கலாம்.

ரெண்டாவது புகார், எடை. இதைக் கொஞ்சம் நிதானமா பாப்போம், ஏன்னா பாக்சிங் தெரிஞ்சவங்களை ரொம்ப உறுத்தற விஷயம் இதுதான். முதல் படத்தோட கிளைமாக்ஸ்ல அடோனிஸ் மோதினது லைட் ஹெவிவெயிட் சாம்பியனோட. அந்தப் பிரிவுல உச்சவரம்பு 175 பவுண்ட், அதாவது சுமார் 79.4 கிலோ. ரெண்டாவது படம் தொடங்கும்போது அவன் ஹெவிவெயிட் சாம்பியன் ஆகறான்! ஹெவிவெயிட்னா 200 பவுண்டுக்கு மேல, மேல எல்லையே கிடையாது. நடுவுல குரூசர்வெயிட்னு ஒரு முழுப் பிரிவையே தாண்டிட்டான். படம் இதைப் பத்தி ஒரு வார்த்தைகூட பேசல.

சரி, நிஜத்துல இது நடக்குமா? நடந்திருக்கு. 1985 செப்டம்பர்ல, அதாவது 'ராக்கி 4' தியேட்டருக்கு வர்றதுக்கு ரெண்டு மாசம் முன்னாடி, லைட் ஹெவிவெயிட் சாம்பியன் மைக்கேல் ஸ்பிங்க்ஸ் உடம்பை 200 பவுண்ட் அளவுக்கு ஏத்திட்டுப் போய், 221 பவுண்டுக்கு மேல இருந்த ஹெவிவெயிட் சாம்பியன் லாரி ஹோம்ஸை 15 ரவுண்ட் ஆடி ஜெயிச்சார். 2003-ல ராய் ஜோன்ஸ் ஜூனியர் 193 பவுண்ட் எடையில, 226 பவுண்ட் ஜான் ரூயிஸை 12 ரவுண்ட்ல ஜெயிச்சார். ரெண்டுமே புள்ளியில ஜெயிச்ச சண்டை, நாக் அவுட் கிடையாது. வேகம், கால் நகர்வு, தூரம். பெரிய ஆளோட கை எட்டற இடத்துல நிக்கவே மாட்டாங்க.

படத்துல அடோனிஸ் எடுக்கற வழி இதுக்கு நேர் எதிர். பாலைவனத்துல பயிற்சி எடுத்து, அடி வாங்கியாவது கிட்டக்க போய்ச் சண்டை போடறான். இது தப்பான உத்தியா? கிடையாது, இதுக்கும் ஒரு கணக்கு இருக்கு. நீளமான கை முழுசா நீளும்போதுதான் அந்தக் குத்துக்கு வேகம் வருது. அந்தக் கையோட முழங்கைக்கு உள்ள நீங்க நுழைஞ்சுட்டா, உயரமானவருக்குத் தள்ளறதோ கட்டிப்பிடிக்கறதோதான் மிச்சம். குட்டையானவருக்கு அங்கதான் பக்கவாட்டுல வீசற ஹூக்கும், கீழிருந்து மேல போற அப்பர்கட்டும் வேலை செய்யும். வலது பக்க விலா எலும்புக்குக் கீழே கல்லீரல். அங்க சரியா ஒண்ணு விழுந்தா தலை தெளிவா இருக்கும், கால் மட்டும் நிக்காது.

ஆனா உள்ள போறது எப்படிங்கறதுதான் கஷ்டம். நேரா நடந்து போனா ஜாப், அதாவது முன்கையால போடற நேர் குத்து, முகத்துல விழும். தலையை ஜாப்புக்கு வெளிப்பக்கம் சாய்ச்சு, அதே நேரத்துல முன்காலை எடுத்து வைக்கணும். கால் பிந்தினா தலை மட்டும் முன்னாடி நீட்டிட்டு நிக்கும், அப்பர்கட் வாங்கறதுக்கு அதைவிட வசதியான நிலையே கிடையாது. முதல் சண்டையில அடோனிஸ் பண்ற பெரிய தப்பு, உள்ளயும் போகாம வெளியயும் வராம, விக்டர் கை சரியா எட்டற தூரத்துல நின்னு மாத்தி மாத்திக் குத்தினது. விலா உடையுது. கீழ விழுந்தவனை விக்டர் மறுபடி அடிக்கறான், தகுதி நீக்கம் ஆகறான், பெல்ட் அடோனிஸ்கிட்டயே இருந்துடுது.

"இதெல்லாம் சினிமா கட்டுக்கதை"ன்னு சொல்றவங்களுக்கு ஒரு தகவல். 1997 மார்ச்ல இதே ராய் ஜோன்ஸ், ஒரு முழங்கால் தரையில இருந்த மான்டெல் கிரிஃபினை அடிச்சு, ஒன்பதாவது ரவுண்ட்ல தகுதி நீக்கம் ஆனார். அங்க அடிச்சவர் சாம்பியனா இருந்ததால டைட்டிலே கைமாறிடுச்சு. ஆகஸ்ட்ல மறுபடி மோதி முதல் ரவுண்ட்லயே முடிச்சார். அதனால 'க்ரீட் 2' கதையோட அந்தத் திருப்பம் பாக்சிங் விதிப்படி சுத்தமானது. எடை விஷயத்துல மட்டும் எதிர்த்தரப்புக்குத்தான் ஓட்டு. ஒரே ஒரு வசனம் போட்டிருந்தாகூட போதும்.

மூணாவது புகார், 'ராக்கி 4'-ஐ மறுபடி எடுத்திருக்காங்க. தோல்வி, தனி இடத்துல பயிற்சி, மாஸ்கோ, வெற்றி. ஆமா, எலும்புக்கூடு அதேதான். ஆனா அதுக்குள்ள ஒரு ஆளை மாத்தியிருக்காங்க.

[காட்சி: கறுப்புத் திரையில் பெரிய எழுத்தில் 1850]

இந்த நம்பர் ஞாபகம் இருக்கா? 'ராக்கி 4'-ல டிராகோவை அறிமுகப்படுத்தும்போது, சாதாரண ஹெவிவெயிட்டோட குத்து சதுர அங்குலத்துக்கு 700 பவுண்ட், டிராகோவோடது 1850-ன்னு சொல்வாங்க. இது அழுத்தத்தோட அளவு, விசையோட அளவு கிடையாது. எவ்வளவு பரப்புல படுதுன்னு தெரியாம இந்த நம்பருக்கு அர்த்தமே இல்லை. சும்மா ஒரு கணக்குப் போடுவோம். கிளவ் முகத்துல படற இடம் ரெண்டு அங்குல நீளம், ரெண்டு அங்குல அகலம்னு வச்சுக்கங்க. மொத்தம் 4 சதுர அங்குலம். 1850-ஐ 4-ஆல பெருக்கினா 7400 பவுண்ட் விசை. நியூட்டன்ல சுமார் 33,000.

இப்ப நிஜத்தைப் பாருங்க. அதே 1985-ல பிரிட்டிஷ் ஹெவிவெயிட் ஃபிராங்க் புரூனோவோட குத்தை ஆய்வாளர்கள் அளந்தாங்க. பெண்டுலம் மாதிரி தொங்கவிட்ட, பேடு சுத்தின ஒரு இலக்கு. கை போன வேகம் நொடிக்கு 8.9 மீட்டர். உச்ச விசை 4096 நியூட்டன். அப்போ நம்ம கணக்குப்படி டிராகோ எட்டு புரூனோவுக்குச் சமம்!

இதைச் சொல்றது படத்தைக் குறை சொல்ல இல்லை. 1985-ல டிராகோ மனுஷனே கிடையாது, திரையில ஓடற ஒரு நம்பர். கம்ப்யூட்டர், வயர், ஊசி, பேசறதுக்கு விரல் விட்டு எண்ணற அளவு வசனம். 'க்ரீட் 2' செஞ்ச பெரிய வேலை, அந்த நம்பரை ஒரு அப்பாவா மாத்தினதுதான். தோத்ததுக்காக நாடு கைவிட்டுடுச்சு, மனைவி விட்டுட்டுப் போயிட்டா. கீவ் நகரத்துல மகனை வளர்க்கறார், வளர்த்து ஒரே ஒரு பழிக்காகத் தயார் பண்றார். டிராகோவா நடிச்ச டால்ஃப் லண்ட்கிரன் ராக்கியோட உணவகத்துக்கு வந்து உக்கார்ற காட்சி இருக்கே, அதுல அவர் குரலை உயர்த்தவே இல்லை. இந்த வரிசையில அவரோட சிறந்த நடிப்பு அதுதான்.

[காட்சி: டவல், மிக நெருக்கமாக]

இப்ப நம்ம டவலுக்கு வருவோம். முதல்ல ஒரு தவறான நம்பிக்கையை உடைக்கணும். டவல் விழுந்தா சண்டை தானா முடிஞ்சுடாது! அமெரிக்க பாக்சிங் ஆணையங்களோட பொது விதிப்படி, சண்டையை நிறுத்தற அதிகாரம் ரெஃப்ரி ஒருத்தருக்கு மட்டும்தான். டவல்ங்கறது கார்னர், அதாவது வீரரோட பயிற்சிக் குழு, வைக்கற ஒரு கோரிக்கை. 1938-ல யாங்கி ஸ்டேடியத்துல ஜோ லூயிஸ், ஜெர்மனியோட மேக்ஸ் ஷ்மெலிங்கை அடிச்சு நொறுக்கும்போது ஷ்மெலிங்கோட கார்னர்ல இருந்து டவல் பறந்து வந்துச்சு. ரெஃப்ரி ஆர்தர் டொனோவன் அதை எடுத்துத் தூக்கி எறிஞ்சார். அடுத்த சில நொடிகள்ல அவரே சண்டையை நிறுத்தினார். மொத்தம் 124 நொடி.

ஆனா நடைமுறையில பெரும்பாலான ரெஃப்ரிக்கள் டவலை மதிப்பாங்க. 2020 பிப்ரவரி, லாஸ் வேகஸ். டைசன் ஃபியூரிகிட்ட டியான்டே வைல்டர் அடி வாங்கிட்டு இருந்தார். ஏழாவது ரவுண்ட்ல அவரோட கார்னர்ல இருந்த மார்க் பிரீலண்ட் டவலை எறிஞ்சார். ரெஃப்ரி நிறுத்தினார். வைல்டருக்குக் கோபம், பிரீலண்ட் அந்தக் குழுவுலயே தொடரல. பாத்தீங்களா, உயிரைக் காப்பாத்த எறியற டவலுக்கு எறிஞ்சவர் தர்ற விலை இதுதான்.

எறியாம விட்டா? 1982 நவம்பர்ல ரே மன்சினியோட மோதின கொரிய வீரர் கிம் டுக்-கூ 14-வது ரவுண்ட்ல விழுந்தார். சில நாள்ல இறந்துட்டார். அதுக்கப்புறம்தான் உலக பாக்சிங் கவுன்சில் டைட்டில் சண்டைகளை 15-ல இருந்து 12 ரவுண்டாக் குறைச்சது. இதுக்கு ஏழு வருஷம் முன்னாடி, 1975 மணிலாவுல, அலிக்கு எதிரா ஃபிரேசியர் 14 ரவுண்ட் முடிச்சுட்டு வந்து ஸ்டூல்ல உக்கார்ந்தார். கண்ணு வீங்கி மூடிடுச்சு. மிச்சம் ஒரே ரவுண்ட். பயிற்சியாளர் எடி ஃபட்ச் போதும்னு நிறுத்திட்டார். ஃபிரேசியர் வேண்டாம்னு கெஞ்சியும் கேக்கல. பாக்சிங் வரலாற்றுல ஒரு கார்னர் எடுத்த மிகச் சரியான முடிவு அதுதான்னு நான் அடிச்சுச் சொல்வேன்.

இந்தப் பின்னணியோட 'ராக்கி 4'-ஐப் பாருங்க. அப்போலோ, என்ன ஆனாலும் சண்டையை நிறுத்தாதேன்னு ராக்கிகிட்ட வாக்கு வாங்கிக்கறார். ரெண்டாவது ரவுண்ட்ல அப்போலோவோட பயிற்சியாளர் டியூக் எறி எறின்னு கத்தறார். ராக்கி டவலைப் பிடிச்சுட்டு நிக்கறார். நண்பன் சொன்ன வார்த்தைக்குக் கட்டுப்பட்டுட்டார். அந்தப் படம் இந்தத் தப்பை ராக்கியோட தலையில வைக்கவே இல்லை. உடனே பழிவாங்கற கதையா மாறி, மாஸ்கோவுக்குக் கிளம்பிடுது. ஒரு கணக்கு தீர்க்கப்படாமயே நின்னுடுச்சு.

'க்ரீட் 2' கடைசிச் சண்டை. விக்டர் அடி வாங்கறான். அவனோட அம்மா லுட்மில்லா நாற்காலியை விட்டு எழுந்து போறாங்க. தோக்கறவனோட இருக்க மாட்டாங்க. அதை விக்டர் பாக்கறான். இவானும் அந்தக் காலி நாற்காலியைப் பாக்கறார். இத்தனை வருஷமா எந்த மரியாதைக்காக மகனை வதைச்சாரோ, அந்த மரியாதை எவ்வளவு மலிவானதுன்னு அந்த நொடியில அவருக்குத் தெரியுது. டவல் பறக்குது. மகனைக் கட்டிப்பிடிச்சு, பரவாயில்லைன்னு சொல்றார்.

அப்போலோவைக் கொன்ன ஆளோட கையிலதான் அந்த டவல்! ராக்கி செய்யத் தவறினதை டிராகோ செய்யறார். ஒரு சீக்வலுக்கு இதைவிட என்ன வேலை இருக்கு? முந்தின படம் கண்டுக்காம விட்ட ஒரு தப்பை எடுத்து, வேற ஒருத்தர் மூலமா அதுக்குப் பதில் சொல்லியிருக்கு. அதுவும் பெரிய வசனம் எதுவும் இல்லாம. இந்த ஒரு காட்சிக்காக அந்த எடைக் கணக்கை, சாதாரண ஷாட்களை, எல்லாத்தையும் மன்னிக்கலாம்.

என் ஒரே மனக்குறை, இது டிராகோ குடும்பத்தோட படமா இருந்திருக்கணும். விக்டரா நடிச்ச ஃப்ளோரியன் முன்டியானு நிஜ பாக்சர், அவர் முகத்துல அவ்வளவு வலி இருக்கு, ஆனா வசனம் ரொம்பக் கம்மி. அடோனிஸோட குழந்தைக்குக் காது கேக்குமாங்கற பகுதி அழகா இருக்கு, ஆனா அதுவும் டிராகோ கதையும் ஒண்ணுக்கொண்ணு நேரத்தைப் பிடுங்கிக்குது.

[காட்சி: இரண்டு 'ராக்கி 4' அட்டைகள் அருகருகே]

மறுபடி பாக்கணும்னு நினைக்கறவங்களுக்கு, 'ராக்கி 4'-க்கு ரெண்டு வடிவம் இருக்கு. 1985-ல வந்தது 91 நிமிஷம். 2021-ல, ராக்கியா நடிச்சு அந்தப் படத்தை இயக்கின ஸ்டாலோன் மறுபடி எடிட் பண்ணி, 42 நிமிஷம் புதுக் காட்சிகள் சேர்த்து, பழைய வடிவத்துல வர்ற ரோபோவை முழுசா எடுத்துட்டு வெளியிட்டார். அப்போலோவோட மரணத்துக்குக் கனம் கூடினது இந்தப் புது வடிவத்துலதான். ஆனா லுட்மில்லா வர்ற இடங்களை நிறையக் குறைச்சுட்டார். 'க்ரீட் 2'-ல அந்தக் காலி நாற்காலி உங்களைத் தாக்கணும்னா 1985 வடிவத்தை முதல்ல பாருங்க. அதுல அவங்க கணவரோட வெற்றி மேல எவ்வளவு கர்வமா பேசறாங்கன்னு கவனிங்க. அப்புறம் உடனே 'க்ரீட் 2'. அதே ராத்திரியில பாத்தா இன்னும் நல்லது.

பாத்துட்டு கமென்ட்ல ஒரே ஒரு பதில் சொல்லுங்க. ராக்கி இடத்துல நீங்க இருந்தா, அப்போலோவுக்குக் கொடுத்த வாக்கை மீறி அந்த டவலை எறிஞ்சிருப்பீங்களா?