காக்கா விரட்ட ஒரு ரூபாய்: எங்கள் வீட்டு மே மாத லீவு

வணக்கம் மக்களே. இன்று என் குரல் கொஞ்சம் கரகரவென்றுதான் இருக்கும். பாதிக்குக் கத்திரி வெயில் காரணம், மீதிக்கு என் பிள்ளைகள். மே 4-ஆம் தேதி பிடித்த கத்திரி 28 வரைக்கும் விடாது. மதுரையில் பதினோரு மணிக்கு மேல் மொட்டை மாடியில் செருப்பில்லாமல் நான்கு எட்டு வைத்துப் பாருங்கள், ஐந்தாவது எட்டுக்குப் பரதநாட்டியம் வந்துவிடும்.

நேற்று ஒரு போன் வந்தது, அதைச் சொல்லாமல் எனக்குத் தூக்கம் வராது. போன வருடம் பெரியவளைச் சேர்த்துவிட்டேனே, அந்தக் கோடை முகாம். பெயர் சொல்லமாட்டேன், கமெண்டில் கேட்காதீர்கள். இந்த வருடம் பத்து நாளைக்கு 4,500 ரூபாயாம். ஒரு பிள்ளைக்கு! இரண்டு பேருக்கும் 9,000. அப்புறம் மெதுவாக, "மெட்டீரியல் சார்ஜ் தலைக்கு 780 மேடம்" என்கிறார்கள். ஆக 10,560. தினமும் இரண்டே மணி நேரம்தான். அப்படியென்றால் ஒரு பிள்ளைக்கு மணிக்கு 264 ரூபாய். கால்குலேட்டரில் மூன்று தடவை போட்டுப் பார்த்தேன், மூன்று தடவையும் 264தான்.

போன வருடம் என்ன கற்றுக்கொண்டு வந்தாள்? பேப்பர் தட்டில் ஒரு சிங்கம். பிடரிக்கு மஞ்சள் உல்லன் நூல் ஒட்டியிருந்தது, மூன்றாம் நாள் அதுவும் உதிர்ந்துவிட்டது. ஃபிரிட்ஜ் மேல் மொட்டையாக உட்கார்ந்திருக்குமே, அந்தச் சிங்கம்தான். "நம்மகிட்ட ஏசி ஹால் மேடம்" என்றார் அந்தப் பெண். எங்கள் வீட்டில் ஃபேன் ஓடுகிறது என்று சொல்லி வைத்துவிட்டேன்.

வைத்துவிட்டேன், சரி. அடுத்த நிமிடமே சின்னவன் வந்து நின்றான், "அம்மா, போரடிக்குது." மணி காலை ஒன்பதே கால்.

ஸ்லைம் செய்யச் சொல்லி இன்னும் சிலர் எழுதுகிறீர்கள். எங்கள் சோபாவில் ஸ்லைம் பட்ட பாட்டை நான் போட்ட வீடியோவில் பார்த்த பிறகுமா? இந்த ஆக்டிவிட்டி ஷீட் சமாச்சாரமும் எனக்கு ஆகவே ஆகாது. இருபது பக்கம் பிரிண்ட் எடுத்துக் கொடுத்தேன், பதினொரு நிமிடத்தில் முடித்துவிட்டு மறுபடியும் என் முகத்தைப் பார்க்கிறார்கள். சும்மா உட்காரவைக்கக் கொடுக்கிற வேலையைப் பிள்ளைகள் மோப்பம் பிடித்துவிடுகிறார்கள் மக்களே. நிஜ வேலை கொடுத்தால்தான் நிற்கிறார்கள்.

வேலைக்கு முன்னால் விளையாட்டு. சித்திரைத் திருவிழாவுக்குப் போனபோது ரோட்டோரக் கடையில் ஒரு பல்லாங்குழி வாங்கினேன், மீன் மாதிரி மடிக்கிற கட்டை. 650 சொன்னார். நான் 300 என்றேன். அவர் என்னைப் பார்க்காமல் பக்கத்தில் இருந்த பம்பரத்தை அடுக்க ஆரம்பித்தார். நான் இரண்டு அடி நடந்தேன். கூப்பிடவில்லை. இன்னும் இரண்டு அடி. "ஏம்மா, 450-க்கு எடுத்துக்க." 420-க்கு முடித்தேன்! வண்டியில் வரும்போதெல்லாம் வீட்டுக்காரரிடம் இதைத்தான் சொல்லிக்கொண்டு வந்தேன், அவர் ஹெல்மெட்டைக் கழற்றவே இல்லை. வீட்டுக்கு வந்ததும் அத்தை, "பரண்ல ஒண்ணு கிடக்கே, கேட்டிருந்தா எடுத்துக் கொடுத்திருப்பேனே" என்றார். மூன்று நாள் நான் பல்லாங்குழி பக்கமே போகவில்லை. புதுக் கட்டையில் கீல் வேறு ஆடுகிறது, ரப்பர் பேண்ட் போட்டு வைத்திருக்கிறேன்.

ஆனால் விளையாட்டு பிரமாதம். ஆளுக்கு 7 குழி, குழிக்கு 5 வீதம் மொத்தம் 70 புளியங்கொட்டை. பங்குனியில் புளி உடைத்தபோது அத்தை எடுத்து வைத்திருந்த கொட்டைதான். காலிக் குழியில் ஒவ்வொன்றாக விழுந்து நான்கு சேர்ந்தால் பசு, அது அந்தப் பக்கத்துக்காரருக்குச் சொந்தம். ஒன்றாம் வகுப்பில் விரல் மடக்கி எண்ணிக்கொண்டிருந்த பையன், இப்போது கை வைக்காமல் தூரத்திலிருந்தே "பசு!" என்று கத்துகிறான். ஒன்று சொல்லிவிடுகிறேன், அழகாக இருக்கிறது என்று குன்றிமணியை எடுத்துப் போடாதீர்கள். அது விஷம். சின்னப் பிள்ளை கடித்து முழுங்கினால் ஆபத்து. புளியங்கொட்டை, சோழி போதும்.

இப்போது நிஜ வேலைக்கு வருவோம். வடகம். ஜவ்வரிசி வடகம். ஒரு டம்ளர் ஜவ்வரிசியை இரவே ஊறப்போட்டு, காலையில் ஐந்து டம்ளர் தண்ணீரில் கண்ணாடி மாதிரி ஆகும்வரை காய்ச்ச வேண்டும். பச்சை மிளகாய், உப்பு அரைத்துச் சேர்த்து, பெருங்காயம் போட வேண்டும். கூழில் உப்பு சரியாக இருந்தால் காய்ந்த பிறகு கரிக்கும், அதனால் ஒரு சிட்டிகை குறைவாக இருக்கட்டும். ஆறரை மணிக்கெல்லாம் மாடியில் பழைய வேட்டி விரித்தாச்சு. பெரியவள் கரண்டியில் ஊற்றினாள். முதல் வரிசை இலங்கை மேப் மாதிரி இருந்தது, மூன்றாவது வரிசையில் வட்டம் வந்துவிட்டது. மொத்தம் 186, அவளே எண்ணி நோட்டில் எழுதினாள்.

சின்னவனுக்குக் காக்கா காவல். மாடிப்படி நிழலில் கறுப்புக் குடையோடு உட்கார வைத்தேன். இங்கேதான் நான் ஒரு தப்பு செய்தேன். ஆர்வமாக இருக்கட்டும் என்று, விரட்டுகிற காக்காவுக்குத் தலைக்கு ஒரு ரூபாய் என்று சொல்லிவிட்டேன். முதல் நாள் கணக்கு 11 காக்கா. சரி, கொடுத்தேன். இரண்டாம் நாள் 37! நம் தெருவில் இத்தனை காக்காவா என்று எனக்கே சந்தேகம். சத்தம் போடாமல் மேலே ஏறிப் பார்த்தால், துரை கைப்பிடிச் சுவர் மேல் பிஸ்கட்டை நொறுக்கி வரிசையாக வைத்துக்கொண்டிருக்கிறார். காக்கா வருகிறது, ஒரு வாய் தின்கிறது, இவன் "போ" என்கிறான், நோட்டில் ஒரு கோடு. வடகத்துப் பக்கம் ஒரு காக்காகூட எட்டிப் பார்க்கவில்லை. அதுகளுக்கும் பிஸ்கட்தான் பிடித்திருக்கிறது.

திட்ட வாயைத் திறந்தேன், சிரிப்பு வந்துவிட்டது. 37 ரூபாய் கொடுக்க முடியாது என்றேன். "நீதானே சொன்ன" என்று ஒரே அழுகை. அத்தை அவன் கட்சி. கடைசியில் பேரம் 15-க்கு முடிந்தது. பல்லாங்குழிக் கடைக்காரர் பரவாயில்லை, இவன் அவரைவிடக் கெட்டி. புது ஒப்பந்தமும் போட்டோம்: விரட்டியதற்குக் காசு கிடையாது, சாயங்காலம் தப்பித்திருக்கிற வடகத்துக்குத்தான், பத்துக்கு ஒரு ரூபாய்.

ஐயோ, எலுமிச்சையை விட்டுவிட்டேனே! கூழ் ஆறின பிறகுதான் பிழிய வேண்டும், கொதிக்கும்போது பிழிந்தால் கசக்கும். அப்புறம் வேட்டியிலிருந்து உரிக்க, துணியைத் திருப்பிப்போட்டுப் பின்பக்கம் தண்ணீர் தெளியுங்கள், தானாகக் கழன்று வரும். இந்த உரிக்கிற வேலைக்கு இரண்டு பேரும் அடித்துக்கொண்டார்கள். ஒரு மணி நேரம் போன் நினைப்பே வரவில்லை. உரித்ததைத் தட்டில் போட்டு இன்னும் ஒரு நாள் வெயில் காட்ட வேண்டும், அது முக்கியம்.

இன்னொன்றும் மறந்தேன், பரீட்சை முடிந்த வாரம் நிழலில்லா நாள் பார்த்தோம். மதுரைக்கு அது ஏப்ரல் நடுவில் வரும், மறுபடி ஆகஸ்டில். பகல் பன்னிரண்டே கால் வாக்கில் சூரியன் நேர் உச்சியில் நிற்கும், மாடியில் வைத்த தண்ணீர் பாட்டில் தன் நிழலைத் தானே மிதித்துக்கொண்டு நின்றது. பத்து நிமிட வேலை. சின்னவன் மட்டும் தன் நிழலைக் காணோம் என்று தேடி, அப்புறம் காலுக்கடியில் சின்னதாக இருக்கிறதைக் கண்டுபிடித்தான்.

சரி, வடகத்துக்கு வருகிறேன். நேற்று சாயங்காலம் கணக்கு முடிக்கும் நேரம். பெரியவள் எண்ணினாள், 174. பன்னிரண்டு குறைகிறது. காக்கா தூக்கியிருக்கும் என்றேன். சின்னவன் நேராகச் சமையலறைக்குப் போய் வாணலியைத் தொட்டுப் பார்த்தான். சூடாக இருந்தது. வீட்டுக்காரர் டீயைக் கையில் வைத்துக்கொண்டு வெளியே பார்க்கிறார்.

"அம்மா, அப்பா தின்னது தப்பிச்ச கணக்கா, காக்கா கணக்கா?"