கிஃப்ட்: பரிசா, நஞ்சா, கல்யாணமா?

[திரையில்: ஒரு டப்பா. மேலே ஒட்டிய தாளில் ஜி, ஐ, எஃப், டி என நான்கே எழுத்து]

இந்த டப்பா லண்டனில் இருந்தால் உள்ளே பரிசு. பெர்லினில் இருந்தால் நஞ்சு, தொடாதீர்கள். ஸ்டாக்ஹோமில் ‘நஞ்சு’ என்றும் படிக்கலாம், ‘கல்யாணம் ஆனவர்’ என்றும் படிக்கலாம். இவை தற்செயலாக ஒத்துப்போன சொற்கள் அல்ல. ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள்.

[திரையில்: கிவ், கேபன் என்ற சொற்கள்]

வேர், ‘கொடு’ என்னும் வினை. ஆங்கிலத்தில் கிவ், ஜெர்மனில் கேபன். அதோடு ‘ட்’ சேர்ந்தால் பெயர்ச்சொல்: கொடை. அப்போது முன்னிருந்த ‘வ்’, ‘ப்’ போன்ற இதழொலி ‘ஃப்’ ஆகிவிடும். டிரைவ், டிரிஃப்ட் இரண்டுக்கும் உள்ள உறவும் இதுதான்.

பழைய ஜெர்மனிலும் கிஃப்ட் என்றால் கொடைதான். நஞ்சு எங்கிருந்து வந்தது? கிரேக்கத்தில் ‘டோசிஸ்’ என்றால் கொடுத்தல். வைத்தியர் ஒரு வேளைக்குக் கொடுக்கும் மருந்தின் அளவுக்கும் அதே பெயர். நாம் சொல்லும் ‘டோஸ்’ அதன் வழி வந்தது. லத்தீன் வழியாக இந்தச் சொல் வந்தபோது, ஜெர்மன்காரர்கள் நேராக மொழிபெயர்த்துக் ‘கிஃப்ட்’ என்றார்கள். கொடுத்த மருந்து, பிறகு யாருக்கோ கொடுத்த நஞ்சு. கொடியதை வாய்விட்டுச் சொல்லாமல் நல்ல சொல்லால் மூடுவதை நம் இலக்கணம் ‘மங்கலம்’ என்கிறது. எலியைக் கொல்வதை ‘எலி மருந்து’ என்கிறோமே, அதே மனம்தான். நஞ்சைக் குறிக்கும் பிரெஞ்சு ‘புவாசோன்’கூட லத்தீனில் வெறும் ‘குடிப்பது’ என்ற சொல்லில் பிறந்ததே.

சில காலம் ஜெர்மனில் இரண்டு பொருளும் சேர்ந்தே வாழ்ந்தன. ‘டீ கிஃப்ட்’ என்று பெண்பாலில் சொன்னால் கொடை, ‘டாஸ் கிஃப்ட்’ என்று அஃறிணைப்பாலில் சொன்னால் நஞ்சு. முன்னது வழக்கொழிந்துவிட்டது. ‘மிட்கிஃப்ட்’ என்ற கூட்டுச்சொல்லில் மட்டும் அது பிழைத்திருக்கிறது. பொருள், பெண்ணோடு கொடுத்தனுப்பும் சீதனம். பரிசு வேண்டுமானால் ஜெர்மனில் ‘கெஷெங்க்’ என்று கேளுங்கள்.

[திரையில்: ஸ்வீடன், நார்வே, டென்மார்க் வரைபடம்]

இந்தச் சொல்லின் கதையில் மிக அழகான பகுதி வடக்கில்தான் இருக்கிறது. தமிழ் தெரிந்தவருக்கு அகராதியே வேண்டாம். ‘பெண் கொடுத்தார்கள்’ என்றால் நமக்கு என்ன பொருள்? அதுவேதான். ‘கிஃப்ட்’ என்றால் மணத்தில் கொடுக்கப்பட்டவள். இன்று ஆணுக்கும் அதே சொல். இந்த நாடுகளின் மூதாதை மொழியான பழைய நார்ஸில் இதே குடும்பத்துச் சொல்லான ‘கிஃப்டா’வுக்கு நல்லூழ் என்று பொருள். நாமும் ‘அவனுக்குக் கொடுப்பினை இல்லை’ என்கிறோம். தொடர்பே இல்லாத இரு மொழிகள் ஒரே வினையிலிருந்து ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்திருக்கின்றன. நஞ்சு என்ற பொருள் மட்டும் பிற்பாடு வட ஜெர்மனியின் பேச்சான தாழ் ஜெர்மனிலிருந்து அங்கே போய் ஒட்டிக்கொண்டது.

ஸ்வீடிஷில் இரண்டையும் ‘யிஃப்ட்’ என்றே உச்சரிப்பார்கள், காதால் பிரிக்க முடியாது. ‘ஒரு’ என்று பொருள்படும் ‘எட்’ முன்னால் வந்தால் நஞ்சு; ‘நான்’, ‘அவர்’ என்று ஆளைச் சொல்லி வந்தால் கல்யாணம்.

பழைய ஆங்கிலத்திலும் இது ‘யிஃப்ட்’தான். பொருள், பெண்ணுக்காகக் கொடுக்கும் பரிசம். இன்றைய ‘க’ ஒலியை இங்கிலாந்தில் குடியேறிய நார்ஸ் மக்கள் கொண்டுவந்தார்கள்.

டச்சில் ஓர் எழுத்துதான் வித்தியாசம்: ‘டெ கிஃப்ட்’ நன்கொடை, ‘ஹெட் கிஃப்’ நஞ்சு.

[திரையில்: மண்டையோட்டுக் குறியுள்ள புட்டி]

புட்டியில் பார்க்க வேண்டியது ‘இக்’ என்ற விகுதி. ‘கிஃப்டிக்’ என்று எழுதியிருந்தால் ஜெர்மன், டச்சு, ஸ்வீடிஷ், டேனிஷ், நார்வேஜியன் ஐந்திலும் நச்சுடையது என்றே பொருள். ஸ்வீடிஷில் ‘ஊ’ முன்னொட்டு எதிர்மறை. அங்கேதான் பலர் தடுமாறுவார்கள்: ‘ஊயிஃப்டிக்’ என்றால் நச்சற்றது, ‘ஊயிஃப்ட்’ என்றால் கல்யாணம் ஆகாதவர்.