3,500 ரூபாய்க்கு இரண்டு ரோல்ஸ்! பேலியகொடைப் போஞ்சிக் கதையும் இருக்கிறது

வணக்கம் உறவுகளே. இன்றைக்குப் பல்கனியில் இல்லை, குசினியில் இருந்து கதைக்கிறேன். மேல் வீட்டில் காலையிலிருந்து சுவரைத் துளைக்கிறார்கள். நடுவில் ஒரு கரகரப்புக் கேட்டால் உங்கள் போனில் பிழை இல்லை, அவர்களுடைய டிரில்.

போன வியாழக்கிழமை எங்கள் சங்கத்தின் கொழும்புக் கிளைக் கூட்டம். புதிதாக வந்தவர்களுக்கு ஒருக்காச் சொல்லிவிடுகிறேன்: விதை, உரம், கிருமிநாசினி, மரக்கறி, பழம், கறுவா, தேயிலை என்று மண்ணுக்குள் போவதையும் மண்ணிலிருந்து வருவதையும் சந்தைப்படுத்துகிற ஆட்களின் சங்கம். நான் விதைப்பக்கம். மிளகாய் விதைப் பக்கெட்டில் குடைமிளகாய்ப் படம் அச்சாகி வந்து நான் தலையில் கை வைத்த வீடியோவைப் பழைய ஆட்கள் மறந்திருக்க மாட்டீர்கள்.

கட்டணம் 3,500 ரூபாய். அங்கத்தவருக்கு. நான் பில் சேர்க்கிறவள் என்று தெரியும்தானே, இந்தா பில், கமராவுக்குக் கிட்டக் காட்டுகிறேன். வடிவாகப் பாருங்கள். இதற்கு என்ன தந்தார்கள்? ரோல்ஸ் இரண்டு. ஒன்று மீன், ஒன்று மரக்கறி. மீன் ரோல்ஸைப் பிரித்துப் பார்த்தேன். கிழங்கு இருந்தது, மிளகு இருந்தது, மீன் அன்றைக்கு லீவு. அப்புறம் ஒரு தேநீர், அதுவும் பால் தேநீர். நான் வெறும் தேநீர்தான் குடிப்பேன், அதுவும் பனங்கட்டியோடு என்று இந்தச் சனலைப் பார்க்கிற சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

வெள்ளவத்தையில் எங்கள் வீட்டுக்குக் கீழே இருக்கிற கடையில் ஒரு ரோல்ஸ் 120 ரூபாய். உள்ளே மீன் இருக்கும். இரண்டு ரோல்ஸ் 240. தேநீருக்கு 100 போடுங்கள், ஹோட்டல் என்பதால் தாராளமாகவே போடுகிறேன். 340. மிச்சம் 3,160 ரூபாய்க்கு நான் என்ன சாப்பிட்டேன்? ஏசிக் குளிர். இரண்டரை மணித்தியாலம் சால்வையைப் போர்த்திக்கொண்டு அதைத்தான் சாப்பிட்டேன். பக்கத்தில் இருந்த உரக் கொம்பனி அண்ணாவிடம் கணக்கைச் சொன்னேன். அவர் மெதுவாக, "தங்கச்சி, எனக்கு ஒரு ரோல்ஸ்தான் கிடைத்தது" என்றார். அதோடு என் கோபம் கொஞ்சம் இறங்கிவிட்டது.

பொறுங்கள், பதாகையை விட்டுவிட்டேன். அதை முதலில் சொல்லியிருக்க வேண்டும். மேடைக்குப் பின்னால் மும்மொழியில் பெரிய பதாகை. சிங்களம் சரி, ஆங்கிலம் சரி. தமிழில் "சந்தைப்படுததுநர்". ஒரு த-வின் புள்ளியைக் காணவில்லை. கூட்டம் முழுக்க என் கண் பேச்சாளரில் இல்லை, அந்தத் த-வில்தான். தேநீர் இடைவேளையில் பதிவு மேசையில் இருந்த கறுப்பு மார்க்கரை வாங்கி, கதிரையை இழுத்து, அதில் ஏறிப் புள்ளி வைத்தேன். என்னுடைய உயரத்துக்கு அது மலையேற்றம். இறங்கும்போது பின்னால் ஆரோ கை தட்டினார்கள். யார் என்று திரும்பிப் பார்க்கவில்லை, சாறிக் கரை கதிரையில் மாட்டியிருந்தது. ஆனால் குழுப் படத்தைப் பாருங்கள், இந்தா, என் தலைக்கு மேலே தெரிகிறதா? அந்தப் புள்ளி என்னுடையது.

சரி, கூட்டத்தில் நல்லதே இல்லையா என்றால் இருந்தது. கறுவாவைப் பற்றிக் கதைத்த ஒருவர். 2022 பெப்ரவரியில் ஐரோப்பிய ஒன்றியம் சிலோன் கறுவாவுக்குப் புவிசார் குறியீடு, அதாவது ஊர்ப் பெயரைக் காக்கிற முத்திரை, கொடுத்தது. இலங்கைப் பொருள் ஒன்றுக்கு அங்கே கிடைத்த முதல் குறியீடு அதுதான். இந்த மனிதர் படங்களை ஓட்டிக்கொண்டு நிற்கவில்லை. இரண்டு தட்டுகளைச் சபைக்குள் சுற்றவிட்டார். ஒன்றில் எங்கள் கறுவா, சுருட்டு மாதிரி மெல்லிய பட்டைகள் ஒன்றுக்குள் ஒன்றாகச் சுற்றி, கையால் நொறுக்கினால் பொடிந்துவிடும். மற்றதில் கசியா, தடித்த ஒற்றைப் பட்டை, உடைக்கப் பல்லு வேண்டும். வெளிநாட்டுக் கடைகளில் இரண்டும் கறுவா என்ற ஒரே பெயரில் நிற்கும், கசியா மலிவு. மெல்லிய குச்சிக்கு அல்பா என்று தரப்பெயர், விலையும் அதற்குத்தான் கூட. மணந்து பார்த்துக்கொண்டே தட்டைக் கை மாற்றினோம். மண்டபம் அப்போதுதான் விழித்தது. 3,160 ரூபாயில் ஒரு ஆயிரத்தை அவருக்குக் கழித்துவிடுகிறேன்.

அவர் தேயிலைச் சிங்கத்தையும் தொட்டார். சிலோன் தேயிலைக்கு இருக்கிற அந்தச் சிங்க இலச்சினை பக்கெட்டில் வரவேண்டும் என்றால் உள்ளே முழுக்க இலங்கைத் தேயிலையாக இருக்க வேண்டும், இலங்கையிலேயே பொதி செய்திருக்கவும் வேண்டும். கொழும்பில் தேயிலை ஏலம் 1883-இல் தொடங்கியது. அந்த ஏலத்தை 2020-இல் கொரோனா வந்துதான் கணினிக்குள் தள்ளியது. அவ்வளவு காலமாகப் பெயரைக் கட்டிக் காத்த ஒரு பொருள்.

கேள்வி நேரத்தில் நான் எழும்பினேன். எழும்பாமல் இருப்பேனா? "யாழ்ப்பாணத்துக் கறுத்தக்கொழும்பான் மாம்பழத்தின் பெயரிலேயே கொழும்பு இருக்கிறது, ஆனால் கொழும்பில் அது பெட்டியும் இல்லாமல், பெயரும் இல்லாமல், மற்ற மாம்பழத்தோடு ஒரே குவியலில் கிடக்கிறதே, அதற்கு என்ன செய்யப் போகிறோம்?" என்று கேட்டேன். நல்ல கேள்வி என்றார்கள். அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்கள்.

எங்கள் கிளைத் தலைவர் எந்தக் கூட்டத்திலும் அமெரிக்காவை ஒருக்கா இழுப்பார். நல்ல மனிதர், ஆனால் இழுப்பார். அங்கே நாமா என்று ஒரு தேசிய வேளாண் சந்தைப்படுத்தல் சங்கம் இருக்கிறது, கேன்சஸ் மாநிலத்தில் தலைமையகம், பல இடங்களிலும் உள்ளூர்க் கிளைகள். வருடா வருடம் நல்ல விளம்பரங்களுக்கு விருது கொடுக்கிறார்கள். தலைவருக்கு அந்த விருதுப் பகுதிதான் பிடித்தது, நாங்களும் விருது கொடுப்போம் என்கிறார். எனக்குப் பிடித்தது வேறு. அங்கே மாணவர் கிளைகளும் உண்டு. பிள்ளைகள் ஒரு பொருளை எடுத்து, அதற்கு முழுச் சந்தைப்படுத்தல் திட்டமும் எழுதி, நடுவர்களுக்கு முன்னால் நின்று அதை விளக்கிப் போட்டியிட வேண்டும். இதை ஏன் நாங்கள் எடுக்கக் கூடாது? கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக விவசாய பீடம் இருக்கிறது, வந்தாறுமூலையில் இருக்கிறது, பேராதனையில் இருக்கிறது. அந்தப் பிள்ளைகளிடம் கறுத்தக்கொழும்பானைக் கொடுத்துப் பாருங்கள். விருதுக் கேடயம் செய்கிற காசில் பஸ் பிடித்து அவர்களைக் கொழும்புக்குக் கூட்டி வரலாம்.

இனிப் போஞ்சிக்கு வருகிறேன். இதைச் சொல்லத்தான் கமராவைப் போட்டேன், ரோல்ஸ் என்னை இழுத்துக்கொண்டு போய்விட்டது.

இதே கிளை போன மாதம் இன்னொன்று வைத்தது. பேலியகொடையில் இருக்கிற மெனிங் மொத்த மரக்கறிச் சந்தைக்கு விடியப்புறப் பயணம். இலவசம். வாட்ஸ்அப் குழுவில் நாற்பது பேர் கட்டைவிரல் போட்டார்கள், வந்தது ஏழு பேர். நேரம் அதிகாலை 3.30. காலி வீதியில் அந்த நேரத்தில் நாயும் நானும்தான். ஓட்டோக்காரர் களனிப் பாலம் ஏறும்வரை, "மிஸ், இந்த நேரத்தில் மரக்கறி வாங்கவா?" என்று மூன்று தரம் கேட்டார். வாங்க இல்லை, பார்க்க என்றேன். அதன் பிறகு அவர் கதைக்கவில்லை.

2020 நவம்பரில்தான் இந்தச் சந்தை புறக்கோட்டையிலிருந்து பேலியகொடைக்கு வந்தது. நுவரெலியாப் பக்கமிருந்து கரட், லீக்ஸ், கோவா, தம்புள்ளைப் பக்கமிருந்து பூசணி, கத்தரிக்காய் என்று இரவோடு இரவாக லொறிகள் வந்து நிற்கின்றன. சரக்கை அனுப்பியவர் அநேகமாக ஊரில் நித்திரை. இங்கே கொமிசன் முதலாளி விற்று, தன்னுடைய பங்கைக் கழித்து, மிச்சத்தை அனுப்புவார். என்ன விலைக்குப் போனது என்று தோட்டக்காரருக்குப் பிறகுதான் தெரியும்.

வாசலில் ஒரு பந்தயம் வைத்தோம். உள்ளே போக முதல் ஆளுக்கொரு போஞ்சி மொத்த விலை சொல்ல வேண்டும். மிகத் தூரமாகச் சொல்கிறவர் எல்லோருக்கும் தேநீர் வாங்கித் தர வேண்டும். நான் கிலோ 340 என்றேன். உள்ளே 350 போனது. பத்தே ரூபாய்! இப்போது நீங்கள் நினைப்பீர்கள், இவள் எப்படி என்று. மத்திய வங்கி ஒவ்வொரு நாளும் விலை அறிக்கை போடுகிறது, புறக்கோட்டை, தம்புள்ளை, நாரஹேன்பிட்டி என்று நிரல் நிரலாக. நான் மூன்று நாளாக அதைப் பார்த்துவிட்டுத்தான் போனேன். இது களவு இல்லை, வீட்டுப்பாடம். தோற்றவர் 180 என்றார். அவர் போஞ்சி விதை விற்கிறவர்! போஞ்சி விதை விற்கிறவருக்குப் போஞ்சி விலை தெரியாது! ஏழு இஞ்சித் தேநீருக்கும் அவர்தான் காசு கொடுத்தார். பனங்கட்டி இல்லை, ஆனாலும் இனித்தது.

ஆ, கோவாவைச் சொல்லவில்லையே. பழம், மரக்கறியில் 30, 40 வீதம் அறுவடைக்குப் பிறகு வீணாகிறது என்று எங்கள் மேடைகளில் சொல்லாத ஆள் இல்லை. வியாழக்கிழமையும் இரண்டு பேர் சொன்னார்கள். பேலியகொடையில் அதைக் கண்ணால் பார்த்தேன். சாக்குக்குள் கோவாவை அடைத்து, சாக்குக்கு மேல் சாக்கு, அதற்கு மேல் மூட்டை தூக்குகிற நாட்டாமை அண்ணா ஒருவர் வாயைத் திறந்து நித்திரை. இரவு முழுக்க மூட்டை இறக்கிய மனிதர் வேறு எங்கே படுப்பார்? பிளாஸ்டிக் கூடை பாவியுங்கள் என்று மேடையில் சுலபமாகச் சொல்கிறோம். கூடைக்கு லொறியில் இடம் கூடப் பிடிக்கும், வெறுங்கூடையை ஊருக்குத் திருப்பி அனுப்பக் கூலி யார் கொடுப்பது? அங்கே நின்றால்தான் இந்தக் கேள்வி வரும்.

என்னுடைய அப்பா வெங்காயம் செய்தவர், இதைப் பலமுறை சொல்லியிருக்கிறேன். ஊர்ச் சந்தைக்கு நூறு கிலோ கொண்டுபோனால் பத்துக் கிலோவைக் கழிவு என்று எடுத்துவிட்டுத் தொண்ணூறுக்குத்தான் காசு. சின்ன வயதில் நான் கழிவு என்றால் ஏதோ அழுகினது என்று நினைத்திருந்தேன். அழுகினதே இல்லை, அப்பா இரவிரவாகத் தெரிந்து கட்டின வெங்காயம். பேலியகொடை முதலாளி ஒருவரிடம் என்னுடைய ஓட்டைச் சிங்களத்தில் கழிவைப் பற்றிக் கேட்டேன். அவர் சிரித்து, "நங்கி, தூசிக்கு, ஈரத்துக்கு, சாக்குக்கு" என்று விரல் மடக்கினார். நாலாவது விரலை மடக்கவில்லை, ஆனால் ஆட்டிக் காட்டினார்.

2021-ஐயும் இங்கே சொல்ல வேண்டும். அந்த வருடம் மே மாதம் இரசாயன உர இறக்குமதியை நிறுத்தி, நவம்பரில் திரும்பத் திறந்தார்கள். இடைப்பட்ட மாதங்களில் கிளைக் கூட்டம் சூமில். உரம் விற்கிறவர்களுக்கு விற்க உரம் இல்லை. பூச்சுப் பேச்சு ஒன்றும் இல்லை, தோட்டக்காரர் போன் எடுத்து என்ன கேட்டார், நான் என்ன சொன்னேன் என்றுதான் எல்லோரும் கதைத்தார்கள். ஒருவர் அழுதார். கட்டணமும் இல்லை, ரோல்ஸும் இல்லை. எங்கள் கிளையின் நல்ல கூட்டங்கள் அவைதான்.

அதனால் வெள்ளிக்கிழமையே குழுவில் எழுதினேன். அடுத்த கிளைக் கூட்டத்தைப் பேலியகொடையில் வைப்போம், மண்டபம் தேவையில்லை, தேநீரை நான் பொறுப்பெடுக்கிறேன், பதாகையின் தமிழையும் நானே பார்க்கிறேன் என்று. செயலாளர் உடனே, "நல்ல யோசனை, எத்தனை மணிக்கு?" என்று கேட்டார். அதிகாலை 3.30 என்றேன்.

அதற்கு வாட்ஸ்அப்பில் இரண்டு நீல டிக் விழுந்து இன்றைக்கு நாலாவது நாள்.