ஒரு லிட்டர் குவளையும் வியட்நாம் மிளகும்

வணக்கம். இன்று கேமரா அடுப்படியில்தான். மேசைமேல் ஒரு லிட்டர் குவளை, ஒரு தராசு, இரண்டு பை மிளகு. முதல் பையிலிருந்து குவளையில் கொட்டுகிறேன். குலுக்கவில்லை, அமுக்கவில்லை, தலைதட்டி வைக்கிறேன். 556 கிராம். இப்போது இரண்டாவது பை. 488 கிராம். பார்வைக்கு இரண்டும் ஒரே கருப்பு. இரண்டாவதில் ஒரு மணியை நசுக்குகிறேன், பாருங்கள்: பொக்கு. வெறும் தோல்.

வியட்நாம் மிளகின் ஏற்றுமதி விலைப்பட்டியலில் 500 கிராம், 550 கிராம் என்று இரண்டு வரிசை இருக்கும். அது பாக்கெட்டின் எடை அல்ல, இந்த லிட்டர் எடை. முதன்முதலில் அதை அரைக்கிலோ விலை என்று நினைத்து ஒரு மாலை முழுக்கக் கணக்குப் போட்டவன் நான். சிரிக்காதீர்கள்.

சென்ற வீடியோவுக்குப் பிறகு பலரும் கேட்டது ஒரே கேள்வி: விலை ஏறிவிட்டதே, கொடி நடலாமா? அதற்கு வியட்நாமைத்தான் பார்க்க வேண்டும். உலகில் மிக அதிகமாக மிளகு விளைவிப்பதும் விற்பதும் அந்த நாடுதான்.

2015இல் அங்கே தோட்டத்து விலை கிலோவுக்கு 2 லட்சம் டாங்கைத் தாண்டியது. டாங் அந்த நாட்டு நாணயம். ஆசை யாரை விட்டது? 2020க்கு 50,000 ஹெக்டேர் போதும் என்பது அரசின் திட்டம். 2017இலேயே ஏறக்குறைய 1,50,000 ஹெக்டேரில் நட்டுவிட்டார்கள். காய்ப்புக்கு வர மூன்று ஆண்டுகள் பிடிக்கும் கொடி அது. எல்லார் தோட்டமும் சேர்ந்து காய்த்தபோது விலை விழுந்தது. 2020 தொடக்கத்தில் 40,000 டாங்குக்கும் கீழே. வாங்கிய கடன் மட்டும் விழவில்லை.

அதோடு வேரழுகலும் வந்தது. அந்த நோய்க்கு வியட்நாமியர் வைத்திருக்கும் பெயரே 'விரைவுச் சாவு'. நேற்றுவரை பச்சையாக நின்ற கொடி சில நாட்களில் இலை உதிர்த்து, தாங்கு கம்பத்தில் கயிறுபோலத் தொங்கும். யா லாய் மாகாணத்தின் சூ சே பகுதி இதில் மிகவும் அடிபட்டது. பலர் கொடியைப் பிடுங்கிவிட்டு துரியனுக்கும் காப்பிக்கும் மாறினார்கள். பரப்பு 1,10,000 ஹெக்டேர் அளவுக்குச் சுருங்கியது.

இப்போது 2024க்கு வாருங்கள். வியட்நாம் ஏற்றுமதி செய்தது சுமார் 2,50,000 டன், முந்தைய ஆண்டைவிட 5 விழுக்காடு குறைவு. கைக்கு வந்ததோ 130 கோடி டாலர், ஏறக்குறைய 45 விழுக்காடு அதிகம். இத்தனைக்கும் 2023இல் 60,000 டன் வாங்கிய சீனா, 2024இல் அதில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்குதான் வாங்கியது. பெரிய கை ஒன்று சந்தையை விட்டு விலகியும் விலை இறங்கவில்லை.

எனக்கு இதில் பிடித்த இடம் இதுதான். அதே ஆண்டு காப்பிக்கும் நல்ல விலை. காப்பிப் பணம் கையில் இருந்ததால், மிளகை அவசரமாக விற்க வேண்டிய தேவை விவசாயிக்கு இல்லை. காய்ந்த மிளகு ஆண்டுக்கணக்கில் கெடாது. மூட்டையைக் கட்டி வீட்டுக்குள் வைத்தால் நகைபோல. ஜூன் மாதம் விலை சில நாட்களுக்கு 1,80,000 டாங்கைத் தொட்டது. தேவை கூடியதாலா? என்னைக் கேட்டால், விற்காமல் இருக்க முடிந்ததால் என்பேன்.

நம் நாட்டுக் கதை தனி. கிலோ 500 ரூபாய்க்குக் குறைந்த மிளகை இறக்குமதி செய்ய 2018இல் இந்தியா தடை விதித்தது. இலங்கையிலிருந்து ஆண்டுக்கு 2,500 டன் வரியில்லாமல் வரலாம். வியட்நாம் மிளகு இலங்கைப் பெயரில் நுழைகிறது என்ற புகார் அந்தத் தடைக்கு முன்பே நம் விவசாயிகளிடம் இருந்தது. கொச்சியில் 2020இல் முந்நூற்றுச் சொச்சத்துக்குப் போன கிலோ, 2025இல் 650 ரூபாயைத் தாண்டியது.

ஆக, நடலாமா? இன்றைய விலை, ஏழெட்டு ஆண்டுகளுக்கு முன் யாரோ நட்டதற்கும் பின்னர் பிடுங்கியதற்கும் வந்த கணக்கு. நீங்கள் இன்று நடும் கொடி நன்றாகக் காய்க்கும்போது என்ன விலை என்று யாராலும் சொல்ல முடியாது. நான் கொல்லிமலையில் ஏற்கெனவே நிற்கும் சில்வர் ஓக் மரங்களில் மட்டும் 40 பதியன் ஏற்றுகிறேன். கடன் இல்லை, புதுக் கம்பம் இல்லை. மழைக்கு முன் வடிகால் வெட்டுவதுதான் முதல் வேலை. அதை அடுத்த வீடியோவில் காட்டுகிறேன்.

இந்த இரண்டாவது பையை எந்தக் கடையில் வாங்கினேன் என்று கேட்காதீர்கள், சொல்ல மாட்டேன். அரைக்கிலோ காசு கொடுத்தாயிற்று, ரசத்துக்கு இரண்டு பிடி சேர்த்துப் போட வேண்டியதுதான்.