அப்பத்தா போட்ட ஜாமீன்

தம்பிகளே, தங்கச்சிகளே, வணக்கம். என்னை அறிமுகப்படுத்திய ஆசிரியர், “வெறுங்கையோடு சிங்கப்பூர் போய்த் தொழிலதிபர் ஆனவர்” என்றார். வெறுங்கை இல்லை. அதைச் சொல்லத்தான் இன்று இங்கே நிற்கிறேன்.

நான் போனது ஒர்க் பெர்மிட்டில். அந்தப் பெர்மிட்டில் இருப்பவர் அங்கே சொந்தத் தொழில் தொடங்க முடியாது, சட்டம் அப்படி. பாலிடெக்னிக் படித்தவன் என்பதால் பிறகு வேறு பாஸுக்கு மாறி, நிரந்தரவாசமும் கிடைத்தது. அப்புறம்தான் கம்பெனி. பதிவு சுலபம். உள்ளூரில் வசிக்கும் இயக்குநர் ஒருவர் வேண்டும், மூலதனம் 1 வெள்ளி, அதாவது ஒரு சிங்கப்பூர் டாலர், இருந்தால் போதும்.

1 வெள்ளிக்குக் கம்பெனி கிடைக்கும். விற்க மதுரை மல்லி கிடைக்குமா?

பொழுது விடியுமுன் பறித்த மொட்டு மதுரை மாட்டுத்தாவணிப் பூச்சந்தைக்கு வந்து, ஐஸோடு தெர்மாகோல் பெட்டியில் ஏறி, விமானத்தில் நாலு மணி நேரம் பறக்க வேண்டும். அங்கே கடிகாரம் வேறு இரண்டரை மணி முன்னால் ஓடும். என் முதல் பெட்டியைத் திறந்தால், பாதி மலர்ந்திருந்தது, மீதி கருகியிருந்தது. சிராங்கூன் சாலைக் கடையில் அன்று ஒரு முழம்கூட விற்கவில்லை.

மண்டிக்காரருக்குப் போன் போட்டேன். “ஐஸ நேரா பூ மேல வச்சிருக்கானுங்கப்பா. நாளைக்கு நானே நின்னு கட்ட வைக்கிறேன், ரெண்டு பெட்டி வரும். காசு தைப்பூசம் கழிச்சுப் பார்ப்போம்” என்றார். மார்கழிப் பனியில் வரத்து குறைந்து, மல்லி விலை ஏறிக் கிடந்த நேரம் அது. கையெழுத்து இல்லை, பத்திரம் இல்லை. வலையங்குளத்திலிருந்து என் அப்பத்தா முப்பது வருஷம் அவர் மண்டிக்குப் பூ கொண்டுபோனவள். எடை கூட்ட ஒரு நாளும் கூடையில் ஈரத்துணி வைத்தவளில்லை. அவள் செத்த பிறகும் அந்தக் கணக்கு எனக்கு ஓடியது.

2013-இல் மதுரை மல்லிக்குப் புவிசார் குறியீடு, அதாவது இந்த ஊருக்கே உரிய பொருள் என்ற அரசு முத்திரை, கிடைத்தது. பெருமைதான். ஆனால் என் கடைக்கு வரும் பெண்கள் ஒருவரும் அதைக் கேட்டதில்லை. மோந்து பார்த்துத்தான் வாங்குகிறார்கள்.

அங்கேயும் முழக் கணக்குதான். யார் முழம்? என் முழம். எனக்கோ நீளமான கை. கூட்டம் குவிந்தது, லாபத்தைக் காணோம்! கடைசியில் மேஜையில் இரண்டு ஆணி அடித்து அளந்தேன்.

சரி, கேள்வி கேளுங்கள். விசா பற்றிக் கேட்பவர்கள் கடைசியில் வாருங்கள்.