பயிற்சிக்குப் போகிற மாதம்

வணக்கம். ஹோட்டல் மேனேஜ்மென்ட்டும் சுற்றுலாவும் படிக்கும் பிள்ளைகளுக்குப் பல வருடங்களாகப் பாடம் எடுத்து வருகிறேன். மறைந்த ஒருவரின் நினைவாகத் தரப்படும் உதவித்தொகை இவர்களுக்கு எந்த வகையில் கைகொடுக்கும் என்று பேசக் கூப்பிட்டார்கள். மனசுக்கு நெருக்கமான விஷயம் என்பதால் உடனே ஒப்புக்கொண்டேன்.

கட்டில் விரிப்பிலிருந்து ஆரம்பிக்கிறேன். மெத்தையின் மூலையில் விரிப்பை 45 டிகிரி சாய்வாக மடித்துச் செருக வேண்டும். வகுப்பில் இதை ஐந்து நிமிடத்தில் காட்டிவிடலாம். ஆனால் ஒரு மாணவி ஹவுஸ்கீப்பிங்கில் அறை அறையாகப் போய்ச் செய்யும்போதுதான் மற்றதெல்லாம் பிடிபடும். முழங்காலை மடக்காமல் குனிந்தால் பத்தாவது அறைக்குள் இடுப்பு பிடித்துக்கொள்ளும். விருந்தினர் தலையணை ஓரத்தில் மறந்துவிட்டுப் போன மூக்குக்கண்ணாடி, பார்க்காமல் உருவினால் விரிப்போடு சலவைக்குப் போய்விடும். வரவேற்பு மேஜையும் அப்படித்தான். நள்ளிரவில் களைத்து வந்து நிற்கும் குடும்பத்திடம், நீங்கள் பதிவு செய்த அறை இன்று இல்லை என்று எந்தக் குரலில் சொல்வது? முப்பது பேரைக் கூட்டிக்கொண்டு போகும் வழிகாட்டி, கடைசியில் மெதுவாக வரும் முதியவருக்கு ஏற்றபடி நடையைக் குறைக்க எங்கே கற்றுக்கொள்வார்? வேலை நடக்கிற இடத்தில்தான்.

சரி, இதில் பணம் எங்கே வருகிறது? கல்லூரிக் கட்டணத்தைக் குடும்பம் எப்படியாவது கட்டிவிடும். இடிப்பது இன்டர்ன்ஷிப், அதாவது ஹோட்டலுக்கே போய் வேலை பழகும் பயிற்சிச் சமயத்தில். வழுக்காத ஷூ, சமையல் கோட், கத்தி செட், வேறு ஊரில் தங்க வாடகை, வேலை முடியும் நேரத்தில் பஸ் இல்லாவிட்டால் வண்டிச் செலவு. பயிற்சி இடம் சம்பளம் தராது, அல்லது பெயருக்குக் கொஞ்சம் தரும். அதனால் நன்றாகப் படிக்கிற பிள்ளை, பெரிய சமையலறையில் கிடைத்த இடத்தை விட்டுவிட்டு, வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கிற இடத்துக்குப் போகிறது. காரணத்தை எங்களிடம் சொல்வதுகூட இல்லை. வீட்டில் விடமாட்டார்கள் என்று முடித்துக்கொள்ளும். பல வருடம் நானும் அதை அப்படியே நம்பியிருக்கிறேன். இப்போது நினைத்தாலும் வருத்தமாக இருக்கிறது.

இந்தத் துறையில் எல்ஸ்வொர்த் ஸ்டாட்லர் என்று ஒருவர் இருந்தார். அமெரிக்காவில் 13 வயதில் ஹோட்டலில் பெட்டி தூக்கும் பையனாகச் சேர்ந்தவர். 1908-இல் பஃபலோ நகரத்தில், ஒவ்வோர் அறைக்கும் தனிக் குளியலறை வைத்து ஹோட்டல் திறந்தார். கார்னெல் பல்கலைக்கழகத்தில் 1922-இல் ஹோட்டல் படிப்பு தொடங்கியது. வேலையிலேயே வளர்ந்த ஸ்டாட்லருக்கு அதில் முதலில் நம்பிக்கை இல்லை. மாணவர்களே ஹோட்டல் நடத்துவதைப் போய்ப் பார்த்த பிறகு மனம் மாறினார். 1928-இல் அவர் இறந்தார். உயிலில் அவர் ஏற்பாடு செய்திருந்த அறக்கட்டளையின் உதவியால், 1950-இல் அங்கே மாணவர்கள் வேலை பழகுவதற்கென்றே ஒரு ஹோட்டலோடு கட்டடம் எழுந்தது. பெட்டி தூக்கிய பையனின் பெயரில் இன்றும் பிள்ளைகள் வேலை பழகுகிறார்கள் என்பதை நினைத்தால் எனக்கு நெகிழ்ச்சியாக இருக்கும்.

எல்லோராலும் கட்டடம் கட்ட முடியாது. தேவையும் இல்லை. சமையலறையிலோ வரவேற்பறையிலோ காலமெல்லாம் உழைத்த ஒருவர் மறையும்போது, குடும்பமும் கூட வேலை பார்த்தவர்களும் சேர்ந்து வருடத்துக்கு ஒரு மாணவரின் பயிற்சிச் செலவை ஏற்றுக்கொண்டாலே போதும். அந்த மாணவருக்கு வெறும் பெயரை மட்டும் சொல்லாதீர்கள். அவர் என்ன வேலை செய்தார், விருந்தினரிடம் எப்படி நடந்துகொண்டார் என்றும் சொல்லுங்கள்.

அப்புறம் இரண்டு கோரிக்கைகள். மதிப்பெண்ணை மட்டும் பார்த்துத் தேர்ந்தெடுக்காதீர்கள். கட்டில் போடுகிற கையும் விருந்தினரிடம் பேசுகிற பக்குவமும் மார்க் ஷீட்டில் தெரியாது. இன்னொன்று, ரசீது கொண்டுவந்தால் பிறகு தருகிறோம் என்று சொல்லாதீர்கள். முதலில் கையில் காசு இல்லாததுதானே அவர்கள் பிரச்சினை. பயிற்சி தொடங்குவதற்கு ஒரு மாதம் முன்பே கல்லூரிக்குப் போய், கிடைத்த இடத்தை வேண்டாம் என்று சொன்ன பிள்ளைகள் யார் யார் என்று பயிற்சிக்குப் பொறுப்பான ஆசிரியரிடம் கேளுங்கள். அவர் பெயர்களைச் சொல்வார். நன்றி, வணக்கம்.